கேபி17 கரைக்கு வந்துவிட்டது என்று நான் சொன்ன நாள்

ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. போன மாதம் எங்கள் மீனவர் சங்கக் கந்தோரிலிருந்து பர்ஹானா தொலைபேசியில் அழைத்தாள். நான் எழுந்து வந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். கணினி படித்துப் பட்டம் பெற்றவள். நான் எழுதி இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பழைய புரோகிராமை நிறுத்திவிட்டு, மீனவர்களின் கைபேசியிலேயே ஓடுகிற மாதிரிப் புதிதாக ஒன்றைச் செய்வது அவளுடைய வேலை.

"சேர், சங்க மலருக்கு உங்கட சேவைக் காலத்தப் பத்தி ரெண்டு மூணு பக்கம் எழுதித் தாங்க. தலைவர் கேக்கச் சொன்னாரு," என்றாள். பிறகு, "இன்னொரு சின்ன விசயம். உங்கட பழைய கோப்புகளப் பாத்துக்கிட்டு ஈக்கிறன். போட் நம்பரத் தேடுற பகுதியில ரெண்டு பிரதி ஈக்கி. ஒண்டுல மூணு வரி கூட. மத்த எல்லா மாத்தத்துக்கும் நீங்க திகதியும் காரணமும் எழுதி வெச்சிருக்கீங்க. இந்த மூணு வரிக்கு மட்டும் ஒண்டுமே எழுதல்ல. ஏன் சேர்?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்குப் போட்டது, மகள்," என்றேன்.

"நல்ல வேலை சேர். இல்லாட்டிப் பெரிய பிழை ஒண்டு வந்திருக்கும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்று பின்னேரம் மலருக்காக இரண்டு பக்கம் எழுதினேன். எந்த வருடம் சேர்ந்தேன், யார் யாருடன் வேலை செய்தேன், முதல் கணினி எப்படி இருந்தது என்றெல்லாம் அழகாக வந்தது. வாசித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அந்த மூன்று வரிகளைப் பற்றி எழுதாமல் என் வேலைக் காலத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

நான் உடப்பில் பிறந்தவன். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தேன். கொழும்பில் ஒரு மாடியறை வகுப்பில் ஆறு மாதம் சி மொழி படித்தேன். புத்தகம் வாங்க வழியில்லாமல் நண்பனுடையதை முழுதும் கையால் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தகுதியுடன் சிலாபத்தில் இருந்த சங்கங்களின் தலைமைக் கந்தோரில் கணினிப் பிரிவுக்கு எடுத்தார்கள். என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜெசிந்தா மிஸ். சிலாபத்துக்காரர். தமிழும் சிங்களமும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். எங்கள் எல்லாரையும் 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி. குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவர் பார்க்காமல் எந்தப் புரோகிராமும் வெளியே போகக்கூடாது. திரையில் பார்க்கவும் மாட்டார். தாளில் அச்சடித்து மேசையில் வைக்க வேண்டும். மர அடிமட்டத்தை ஒரு வரிக்குக் கீழே வைத்து, வாசித்து, அடுத்த வரிக்கு இறக்குவார். கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு சொல்லும் எழுத மாட்டார். வட்டத்தின் காரணத்தை நாங்களே கண்டுபிடித்து அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒரு கரையோரச் சங்கத்துக்கு நான் எழுதிய புரோகிராமையும் அப்படித்தான் பார்த்தார். வேலை சின்னது. அந்தச் சங்கத்தின் போட்டுகள் விடியுமுன் கடலுக்குப் போகும், பத்துப் பன்னிரண்டு மணிக்குள் திரும்பும். வடக்குத் துறை, நடுத் துறை, தெற்குத் துறை என்று மூன்று இடத்தில் கரை ஏற்றுவார்கள். ஒவ்வொரு துறையிலும் ஒருவர் இருந்து, வந்த போட்டின் இலக்கத்தைக் கந்தோருக்குத் தொலைபேசியில் சொல்வார். கந்தோரில் இருக்கும் பிள்ளை அதை ஒரு வரியாகக் கணினியில் அடிப்பார்: வந்தது, மணி, இலக்கம், துறை. யாராவது வந்து தங்கள் போட் வந்துவிட்டதா என்று கேட்டால், இலக்கத்தைக் கொடுத்துத் தேட வேண்டும். கந்தோரில் இருந்தது பழைய கணினி. ஆகவே எல்லாவற்றையும் வெறும் எழுத்து வரிகளாக ஒரு கோப்பில் சேர்த்தேன். தேடுவதற்கு strstr என்ற கட்டளையைப் போட்டேன்.

சி மொழியில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், கடைசியில் ஒரு பூச்சியம் நிற்கும். அந்தப் பூச்சியத்தைக் கண்டால்தான் வரி முடிந்தது என்று கணினிக்குத் தெரியும். strstr செய்வது, ஒரு நீளமான வரிக்குள் நாம் கொடுத்த சின்ன வரி எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் இருக்கிறது என்று சொல்லும். கண்டெடுத்த துண்டுக்குப் பின்னால் வேறென்ன ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அது பார்க்காது. அதைப் பார்ப்பது எழுதுகிறவனின் பொறுப்பு.

ஜெசிந்தா மிஸ் அந்த வரியில் வட்டம் போட்டார். நான் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

"மிஸ், கேபி1 எண்டு தேடினா கேபி17-ம் அகப்படும். அதுக்காகத்தான் எல்லா இலக்கத்தையும் ரெண்டு இலக்கமா வெச்சிருக்கிறேன். ஒண்டாம் போட்டுக்கு கேபி01."

"ஹரி," என்றார், சிங்களத்தில் சரி. "நூறாவது போட் வந்தா?"

"அங்க அறுபது போட்டுத்தான் மிஸ். வாறபோது பாத்துக்கொள்ளலாம்."

"வாறபோது உனக்கு ஞாபகம் இரிக்குமா மல்லி? பின்னால நிக்கிற எழுத்தப் பார். இலக்கமா இருந்தா விட்டுடு. மூணு வரிதானே."

"ஓம் மிஸ்," என்றேன்.

எழுதவில்லை. மறந்துபோனேன் என்றாவது சொல்லலாம், அதுவும் உண்மையில்லை. மேசைக்குத் திரும்பியதும் அந்த வரியைப் பார்த்தேன். என் வேலை அழகாக, குறுகலாக இருந்தது. அதை நீட்ட மனம் வரவில்லை. அடுத்த நாள் மிஸ் விடுமுறையில் போனார். புரோகிராமைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். தேடினால் திரையில் மணியும் துறையும் மட்டும் வரும். இலக்கத்தைக் கேட்டவரே கொடுக்கிறாரே, அதை எதற்குத் திரும்பக் காட்டுவது என்று நினைத்தேன். காட்டியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஆறேழு வருடத்துக்குப் பிறகு அதே சங்கத்துக்கு என்னையே கணினிப் பொறுப்பாளராக மாற்றினார்கள். நல்ல மரியாதை. கந்தோர் கடற்கரைக்குப் போகிற தெருவில், பள்ளிவாசலுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தது. அங்கே எனக்கு உதவியாக இருந்தவர் நஸ்ரின். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வேகமாக அடிப்பார். அடித்ததை ஒருமுறை வாய்க்குள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் விசையைத் தட்டுவார்.

அந்தப் பருவத்தில் உதவித் திட்டமொன்றில் நிறையப் புதிய பைபர் போட்டுகள் வந்தன. பதிவு ஒரேயடியாக நூறைத் தாண்டி நூற்று எண்பது வரை போனது. புதிய இலக்கங்களை நஸ்ரினிடம் நான்தான் கொடுத்தேன். நூறு என்ற எண்ணைக் கண்ட எனக்குச் சிவப்பு வட்டம் ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம். கேட்டவர்களின் போட்டுகள் எப்படியும் திரும்பி வந்ததால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம்.

வாடைக் காலம். ஒருநாள் பின்னேரம் மூன்று மணி கடந்திருந்தது. ஹாஜரா என்ற பெண் கந்தோருக்கு வந்தார். சபூர் என்பவரின் மனைவி. சபூரும் அவருடைய தம்பி இல்யாஸும் கேபி17 என்ற போட்டில் போகிறவர்கள். ஹாஜரா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"சேர், எங்கட போட் இன்னம் வரல்ல. போனும் வேல செய்யுதில்ல. நேவிக்குச் சொல்லணுமா?"

நஸ்ரின் இலக்கத்தை அடித்தார். திரையைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டு எண்டு காட்டுது சேர். பத்து நாப்பது. தெற்குத் துறை."

"தெற்கா?" என்றார் ஹாஜரா. "அவர் ஒருநாளும் தெற்கால ஏத்துறதில்லையே. எங்கட எடம் வடக்கு. வந்திருந்தா இவ்வளவு நேரமும் வீட்டுக்கு வராம எங்க ஈப்பாரு?"

அந்தப் பெண் மூன்று காரணம் சொன்னார். மூன்றும் சரியான காரணம். தெற்குத் துறைக்கு ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் எழுந்து வந்து திரையைப் பார்த்தேன். பிறகு அவரிடம் சொன்னேன்:

"வாடை அடிக்குதே தங்கச்சி. வடக்கால ஏத்த ஏலாமத் தெற்கால போயிருப்பாங்க. எஞ்சின் வேலை ஏதும் இருக்கும். கம்ப்யூட்டர் பிழை சொல்லாது. பயப்படாம வீட்ட போங்க."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் கந்தோரைத் திறக்கப் போனபோது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. ஹாஜராவின் வாப்பா தெற்குத் துறைக்கே போய் விசாரித்திருந்தார். கேபி17 அங்கே வரவில்லை. ஒருவரும் அதைக் காணவில்லை. அப்போதே நேவிக்குச் சொன்னார்கள். சங்கத்திலிருந்தும் பத்துப் போட்டுகள் புறப்பட்டன.

பதினொரு மணியளவில் சபூரைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் பழுதாகி, வாடைக்காற்று போட்டை மேற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பொழுது பட்ட பிறகு அலையில் அது கவிழ்ந்திருக்கிறது. இரண்டு பேரும் கவிழ்ந்த போட்டைப் பிடித்தபடி கிடந்திருக்கிறார்கள். இல்யாஸ் விடியற்காலம் வரை பிடித்திருந்தான். அதற்கு மேல் அவனுடைய கைக்கு முடியவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய மையித்து கரை ஒதுங்கியது. வயது இருபத்தாறு.

ஆட்கள் கடலுக்குப் போன அந்தக் காலைவேளையில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டும். கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முதல் நாள் கோப்பைத் திறந்தேன். 'வந்தது 10.40 கேபி172 தெற்கு' என்று ஒரு வரி இருந்தது. கேபி17 என்று நானே தேடினேன். பத்து நாற்பது, தெற்கு என்று வந்தது. பிறகு ஜெசிந்தா மிஸ் சொன்ன மூன்று வரியை எழுதினேன். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. மறுபடி தேடினேன். 'வரவில்லை' என்று சரியாகச் சொன்னது. பழைய பிரதியை அழிக்காமல் வேறு பெயரில் வைத்தேன். அழிக்கக் கை வரவில்லை. காரணமும் திகதியும் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன்.

நாலு நாள் கழித்து விசாரணை நடந்தது. சங்கத் தலைவர் நல்ல மனிதர். அவர் கணினிக்கு முன்னால் வந்து நின்று, "அண்டைக்குச் செய்தது மாதிரியே ஒருக்காச் செஞ்சு காட்டுங்க," என்றார். நஸ்ரின் அன்றைய திகதியைக் கொடுத்து, கேபி17 என்று அடித்தார். 'வரவில்லை' என்று திரையில் வந்தது.

நஸ்ரின் இலக்கத்தை வாய்க்குள் வாசித்துப் பார்த்தார். மறுபடி அடித்தார். மறுபடியும் அதே பதில்.

தலைவர் என்னைப் பார்த்தார். "அப்ப அண்டைக்கு எப்படி வந்தது எண்டு காட்டின?"

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். நான் சொன்னேன்: "அந்த நேரத்தில கேபி172 தெற்கால வந்திருக்கு. சிலவேளை இலக்கத்தை அடிக்கேக்க ஒரு எழுத்துக் கூடுதலா அடிபட்டிருக்கலாம்."

எவ்வளவு கவனமாகச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் பாருங்கள். 'சிலவேளை.' 'அடிபட்டிருக்கலாம்.' நஸ்ரின் அடித்தார் என்று கூட நான் சொல்லவில்லை.

"நீ அப்படி அடிச்சயா மகள்?" என்று தலைவர் கேட்டார்.

நஸ்ரின் தன் விரல்களைப் பார்த்தார். "தெரியா சேர். சிலவேளை அடிச்சிருப்பன்."

அடுத்த கிழமையிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்களா, அவராக நின்றாரா என்று நான் விசாரிக்கவில்லை. ஊரில் இல்யாஸின் மவுத்தைப் பற்றிப் பேசிய இடமெல்லாம் அந்தப் பிள்ளையின் பெயரும் பேசப்பட்டது. பிறகு கலியாணம் செய்து பாலாவிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவரை இனித் தெருவில் காண வேண்டியதில்லை என்ற ஆறுதல்.

விசாரணை முடிந்த மாதம் ஜெசிந்தா மிஸ் சிலாபத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். "அங்க நடந்தத கேள்விப்பட்டேன். மல்லி, நான் வட்டம் போட்ட எடத்தத் திருத்தினியா?"

"திருத்திட்டேன் மிஸ்."

"ஹரி," என்றார். எப்போது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வேலை செய்தேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடமெல்லாம், கண்டெடுத்த துண்டுக்குப் பின்னால் நிற்கிற எழுத்தைப் பார்க்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னேன். கவனமான மனிதர் என்று எனக்குப் பெயர். பிரியாவிடைக் கூட்டத்தில் ஒருவர், சேரின் வேலையில் ஒரு பிழையும் கண்டதில்லை என்று பேசினார். நான் எழுந்து நின்று கைகூப்பினேன்.

பர்ஹானா கேட்ட கேள்விக்குப் பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிப் பாலாவிக்குப் போனேன். சந்தியில் இறங்கி, லொறிகள் நிற்கிற இடத்தில் விசாரித்து நஸ்ரினின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. கதிரை போட்டார். பத்து வயதிருக்கும் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

தேத்தண்ணி வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். குடித்த பிறகு சொல்வது இன்னும் கேவலமாக இருக்கும்.

"நஸ்ரின், அண்டைக்கு நீங்க அடிச்சது சரி. பிழை என்ர புரோகிராமில இருந்தது."

அவர் மெதுவாகக் கேட்டார்: "நான் பதினேழுதானே அடிச்ச?"

"ஓம்."

"நூத்தி எழுபத்திரெண்டு அடிக்கல்ல?"

"இல்லை. நீங்க பதினேழுதான் அடிச்சீங்க."

"அப்ப தலைவர்ட முன்னால அடிக்கக்குள்ள..."

"அதுக்கு முதலே நான் திருத்திட்டேன். அவங்க தேடப் போன காலமையே."

"சிலவேளை அடிச்சிருப்பன் எண்டு நான் சொல்லக்குள்ள, நீங்க தெரிஞ்சுகிட்டா நிண்டீங்க?"

"ஓம்."

அவர் ஏசியிருக்கலாம். வெளியே போகச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. உள்ளே திரும்பி, "ஸைனப், இங்க வா," என்று மகளைக் கூப்பிட்டார். பிள்ளை வந்து பக்கத்தில் நின்றாள். நஸ்ரின் என்னிடம், "இவகிட்டச் சொல்லுங்க சேர். கேஸ் சிலிண்டர் கடைக்குப் போன் எடுக்கிறதெண்டாலும் நம்பர இவதான் அடிக்கிறா. நான் நம்பர் அடிக்கிறல்ல. உம்மாட கைக்கு என்ன எண்டு எந்த நாளும் கேப்பா," என்றார்.

நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். உம்மா சரியாக அடித்தார், பிழை செய்தது நான், அதை மறைத்ததும் நான் என்றேன். பிள்ளைக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. அவள் உம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சபூர் நானா வீட்ட போய்ச் சொன்னீங்களா?" என்று நஸ்ரின் கேட்டார்.

"இன்னும் இல்லை."

"நான் அபாயாவப் போட்டுக்கிட்டு வாறன். அங்க நீங்க சொல்றத நானும் காதால கேக்கணும். அந்தத் தெருவால நான் போய்ப் பதிமூணு வருசம்."

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் முன்னால் இருந்தார், நான் பின்னால்.

சபூர் இப்போது கடலுக்குப் போவதில்லை. மற்றவர்களின் வலைகளைக் கட்டிக் கொடுக்கிறார். வளவில் வேப்பமரத்தடியில் வலையைக் காலில் மாட்டி இழுத்தபடி இருந்தார். ஹாஜரா வெளியே வந்தார். நஸ்ரினைக் கண்டதும் ஒரு நிமிடம் தயங்கி நின்றார். எங்களை இருக்கச் சொன்னார்கள். நான் நின்றபடியே சொன்னேன். வட்டத்தையும் சொன்னேன், மூன்று வரியையும் சொன்னேன், விசாரணையில் நான் பேசியதையும் சொன்னேன்.

முதலில் பேசியவர் ஹாஜரா. "நான் உங்ககிட்டச் சொன்னனே சேர், அவர் தெற்கால ஏத்துறல்ல எண்டு," என்றார். குரலில் கோபம் இல்லை. பதின்மூன்று வருடம் யாரும் காது கொடுக்காத ஒன்றை மறுபடி சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு நஸ்ரினிடம் போய் அவருடைய தோளில் கை வைத்தார். "உன்ன நான் எவ்வளவு ஏசிட்டன் புள்ள," என்றார். நஸ்ரின் அப்போதுதான் அழுதார்.

சபூர் வலையைக் காலிலிருந்து கழற்றி ஒரு பக்கம் வைத்தார்.

"இவ கந்தோருக்கு வந்தது எத்தின மணிக்கு?"

"மூண்டு மணி. கொஞ்சம் கூட இருக்கும்."

அவர் கடல் பக்கம் பார்த்தார். வளவிலிருந்து கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

"மூணு மணிக்கு எங்களுக்குப் பள்ளி மினாரா தெரிஞ்சது," என்றார். "இல்யாஸ் சேட்டக் கழட்டி ஆட்டிக்கிட்டே நிண்டான். கைய நோக வெச்சுக்காதடா எண்டு சொன்னன். அவன் சொன்னான், 'பயப்படாதீங்க நானா. இந்நேரம் மதினி போய்ச் சொல்லியிருப்பாங்க. தேடி வந்துருவாங்க' எண்டு."

இல்யாஸ் சொன்னது சரி. அவனுடைய மதினி வந்து சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.